முன் சக்கரத்துக்கு எத்தனை அங்குலம்

டெக்சஸில், காப்பெலில் நாங்கள் குடியிருந்தபோது என் கணவர் யாரையும் கேட்காமல் ஒரு பழைய டிராவல் டிரெய்லரை வாங்கி வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் கொண்ட, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு. ஹோட்டல் அறையில் சமைக்க முடியவில்லை என்று நான் எப்போதோ குறைப்பட்டதற்கு அவர் கண்டுபிடித்த பதில்.

முதல் பயணம் ஓர் ஏரிக்கரைக்கு. சனிக்கிழமை காலை அவரும் அவருடைய ஆபீஸ் நண்பரும் டிரெய்லரை எங்கள் பெரிய வண்டியில் மாட்டினார்கள். இருவருமே சாப்ட்வேர். டிரெய்லரின் மூக்கு இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

“டாட், த கார் இஸ் சிட்டிங் லைக் எ டாக்” என்றாள் ஏழு வயது மகள்.

“ஓட ஆரம்பிச்சா சரியாயிடும் மச்சான்” என்றார் நண்பர்.

தெருமுனை வரை போய், முகம் வெளிறித் திரும்பினார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் திரும்பியதாம்.

டிரெய்லரோடு வந்த இரண்டு நீள இரும்புப் பார்களும் சங்கிலிகளும் கேரேஜ் மூலையில் கிடந்தன. அவற்றை மாட்டிச் சங்கிலியை இழுத்துக் கட்டினால், பின்னால் அழுத்தும் பாரத்தில் ஒரு பங்கு வண்டியின் முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பங்கு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்விடும். மேனுவலில் அதைப் படித்த உற்சாகத்தில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிவிட்டார்கள். இப்போது மகள் சொன்ன நாய் தரையை மோப்பம் பிடித்தது.

சமையலறை ஜன்னலில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மெக்கானிக்கல் படித்தவள். கோயம்புத்தூரில் மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கேரேஜில் பேசக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஜாக்கெட் தைக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

“டிரெய்லரைக் கழட்டுங்க. வெறும் வண்டி எவ்வளவு உயரம்னு மொதல்ல அளக்கணும்.”

“மேனுவல்ல எட்டாவது பக்கம் வந்துட்டோம் அண்ணி.”

“ஒம்பதாவது பக்கத்துல நான் சொல்றதுதாங்க இருக்கும்.”

நண்பர் புரட்டிப் பார்த்தார். இருந்தது.

ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் தரையிலிருந்து அளந்து சொன்னேன், நண்பர் எழுதினார். டிரெய்லரை மாட்டியதும் முன்பக்கம் இரண்டு அங்குலம் எழும்பியது. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக மாற்றிப் பார்த்து, நான்காவது கண்ணியில் முன்பக்கத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தோம். பெருமையாக இருந்தது. ஆனாலும் பின்பக்கம் ஏன் இத்தனை அழுத்தம் என்று நண்பருக்கு உறுத்தியது. டிரெய்லருக்குள் ஏறி, மூக்குப் பக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவர் கத்தினார்.

“மச்சான், இங்க ஒரு கல் கிரைண்டர் இருக்குடா! ரெண்டு அரிசி மூட்டை வேற! யாரு வச்சது?”

நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“மாம் டிட்” என்றாள் மகள்.

கணவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. எல்லாவற்றையும் டிரெய்லரின் சக்கரங்களுக்கு நேர் மேலே நகர்த்தினோம். அளவெல்லாம் மாறிப்போனதால் திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் தடவை வாயைத் திறக்காமல் அளந்தேன்.

நண்பர் கையசைத்து எங்களை வழியனுப்பினார். ஃப்ரீவேயில் வண்டி சமர்த்தாக ஓடியது. பெரிய லாரிகள் பக்கத்தில் கடந்தபோதும் ஆடவில்லை. பாதி வழியில் அவர் சாவியை என்னிடம் நீட்டினார். ஏரி வரை நான்தான் ஓட்டினேன்.

அங்கே போன பிறகுதான், டிரெய்லரைப் பின்னோக்கி நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தது. அதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. நான் வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போனது. நான்கு முறை முயன்று ஒரு மரத்தை நெருங்கியபோது இறங்கிவிட்டேன்.

“தள்ளிக்கோ” என்று அவர் ஏறினார். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, மெல்ல, ஒரே தடவையில் நேராக நிறுத்தினார்.

“எப்படிங்க?”

“தெரியல. வாயை மூடிட்டு நில்லு, மறுபடி கேட்டா வராது.”

நானும் மகளும் கை தட்டினோம். பக்கத்து டிரெய்லர்க்காரர்களும் தட்டினார்கள். அவர் இறங்கி ஏரியைப் பார்ப்பதுபோல நடந்தார். காது வரை சிவந்திருந்தது.