தங்கேஸ்வரி மாமியின் முறைப்பாடுகள்

தங்கேஸ்வரி மாமி காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர். நான் படிப்பிக்கும் பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் வார நாட்களில் ஊரில் இருப்பதில்லை. ஒரு பின்னேரம் துணி வாங்கப் போனேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர், வெட்டாமல் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், உங்கட ஊர்த் தயிர்க்கார மாமி மோசம் போயிட்டாவாம். தெரியாதா?"

"இல்லையே காக்கா. ஆர் சொன்னது?"

"காலையில ரெண்டு பொம்புளையள் வந்து வெள்ளைப் புடவை கேட்டாங்க. அளந்து குடுத்தன். ரெண்டு பேரும் திருப்பி முழம் போட்டுப் பார்க்கல்ல. உங்கட ஊரார் முழம் போடாமப் போவாங்களா? ஆருக்குப் புடவையெண்டு கேட்டன். சொன்னாங்க."

துணியை மடித்துத் தந்துவிட்டுச் சொன்னார்: "இருவது வருசமா என்னை ஏசினவ. இனி என்ட கடையில குறை இரிக்கா இல்லையா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று நாள் காய்ச்சல் என்று பிறகு அறிந்தேன். இதை வாசிக்கும் நீங்கள் மாமியிடம் தயிர் வாங்கியவர்களாக இருப்பீர்கள், அல்லது ஏச்சு வாங்கியவர்களாக இருப்பீர்கள். பலர் இரண்டும் வாங்கியிருப்பீர்கள்.

அவர் எங்கள் அயல் வீட்டுக்காரர். வாவியின் எங்கள் பக்கமான படுவான்கரையில் எருமைப் பட்டி வைத்திருந்தார். விடியமுன் பால் கறந்து, உறைந்த தயிர்ச் சட்டிகளைக் கடகத்தில் அடுக்கிக்கொண்டு துறைக்கு வருவார். பாதை என்று நாம் சொல்லும் அந்த மிதவையில் ஏறியதும் அவருடைய வேலை தொடங்கிவிடும். அக்கரை போய்ச் சேர்வதற்குள் அரசாங்கம், அரிசி, சவுக்காரம், சமாதானம் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லி முடிப்பார். "பேச்சுவார்த்தையெண்டா என்னகா? ரெண்டு பகுதியும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படம் எடுக்கிறது. சீனி இல்லாம இஞ்ச குடிக்கிற நம்மள ஆரு படம் எடுக்கிறான்?" என்பார். கொழும்பில் ஆட்கள் கையில் தொலைபேசியைக் கொண்டு திரிகிறார்கள் என்று யாரோ சொன்னபோது, "கூப்பிட்டாக் கேக்காத தூரத்துக்குப் போறதுதான் மனிசனுக்கு நிம்மதி. அதையும் பிடுங்கிப்போட்டாங்களா?" என்று உண்மையாகவே வருந்தினார்.

நாட்டு நடப்பை அவர் அறிந்தது வானொலியால். பற்றரிக்குத் தட்டுப்பாடு என்பதால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் வானொலியை ஓடவிட்டார்கள். சுற்றுவது அவருடைய கணவர் சீனித்தம்பி மாமா. கேட்பது மாமியும் வேலிக்கு வெளியே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேரும். ஒருநாள் "கோதுமை மாவின் விலை இன்று முதல்" என்று வாசிப்பவர் தொடங்கினார். மாமா திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். வானொலி முனகி அடங்கியது.

"ஐயோ மனிசா! ஏறினது எவ்வளவெண்டு சொல்லுறதுக்குள்ள விட்டுட்டியே!"

"ஏறினதெண்டு எப்பிடிச் சொல்லுறாய்? இறங்கியும் இரிக்கலாம்."

"இறங்கிறதெண்டா நீ ஏன் கையை எடுத்தாய்?"

மறுநாள் மத்தியானம் வரை எங்கள் ஊருக்கு மாவின் விலை தெரியாது.

குறை சொல்வதை மாமி சண்டையாக நினைக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். நகரத்தில் ஒரு பெண், தயிர் தண்ணியாக இருக்கிறது என்று சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் அப்போது கூட இருந்தேன். இனி என்ன நடக்குமோ என்று பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டேன். மாமி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "ஓம் மகள், பிழைதான். பால் சூடு ஆறமுன்னம் உறை ஊத்திப்போட்டன்" என்று வேறு சட்டியைக் கொடுத்தார். போகும் வழியில் என்னிடம் சொன்னார்: "குறை சொல்ல வாறவள் நம்மளை மதிக்கிறாள். மதியாதவள் பேசாம மற்றக் கடைக்குப் போயிருவாள்."

இந்த மதிப்பை அவர் கம்பனிகளுக்கும் அளித்தார். அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் நான். அப்பா தோணியில் வலை வீசுபவர். பட்டம் பெற்று, நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்த இரண்டு வருடமும் நான் மாமியின் எழுத்தராக இருந்தேன். அவர் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். சவுக்காரக் கம்பனிக்கு ஒன்று: "விலை ஏறினாச் சொல்லிப்போட்டு ஏறட்டும். இது சொல்லாமக் கொள்ளாம மெலியுது." நுளம்புத்திரிக் கம்பனிக்கு ஒன்று: "நுளம்பு திரிக்கு மேல குந்தி இரிந்து குளிர் காயுது." தேயிலைக்கு, நெருப்புப் பெட்டிக்கு, குடைக்கு என்று மொத்தம் ஏழு போயின.

பதில்கள் வந்தன. எல்லாம் நன்றிக் கடிதங்கள். சவுக்காரக் கம்பனி ஒரு கலண்டரும் அனுப்பியிருந்தது. மாமிக்கு விளங்கவில்லை. "இவ்வளவு ஏசியும் நன்றி சொல்லுறானே, இவன் என்ன மனிசன்கா?" என்று கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எனக்கு விளங்கியது. மாமி சொன்னதை நான் எழுதவில்லை. அந்நியருக்குக் கடுஞ்சொல் எழுத என் கை வராது. "தங்கள் சவுக்காரத்தை நீண்ட காலமாக விரும்பிப் பாவிக்கிறோம்" என்று தொடங்குவேன். குறையை மூன்றாவது பந்தியில் ஒரு வரியில் ஒளித்துவைப்பேன். பிறகு, ஆங்கிலம் தெரியாத மாமிக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு மடித்து உறையில் போடுவேன்.

எட்டாவது கடிதம் பற்றரிக்கு. விடியமுன் பட்டிக்குப் போக டோர்ச் வேண்டும். யானைக்கும் பாம்புக்கும் சைக்கிளைச் சுற்றிக் காட்ட முடியாது. ஆனால் அந்த யுத்த காலத்தில் எங்கள் கரைக்கு வரக்கூடாது என்று இராணுவம் தடுத்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. அது வேறு எதற்கெல்லாம் உதவும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் அதைப் பேசுவதில்லை. மாமி இரண்டு பற்றரிகளை வெறும் தயிர்ச் சட்டியில், துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஆறு நாளில் அவை பொங்கி வடிந்து டோர்ச்சையும் அரித்துவிட்டன.

அன்று நான் நியமன விடயமாகக் கல்விக் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. சான்றிதழ்க் கோவையுடன் மாமியோடு புறப்பட்டேன். அவர் பற்றரிகளையும் கடிதத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருந்தார், கம்பனிக்கு ஆதாரம் வேண்டுமாம். கொண்டுவரக்கூடாத பொருளைக் கொண்டுவந்தோம் என்பதற்கும் அதுவே ஆதாரம் என்று அவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை.

துறையில் இருந்த சோதனைச் சாவடியில் சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்தான். உடனே அதிகாரியைக் கூப்பிட்டான். வரிசை அசையாமல் நின்றது. பெயரைப் பதிந்தால், வாவியைக் கடக்க மாமிக்குக் கொடுத்திருந்த பாஸ் போய்விடும், பாஸ் போனால் தயிர் இல்லை. அதற்கு மேலும் நடக்கக்கூடியவற்றை நான் நினைக்கவே விரும்பவில்லை.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா, இது எப்பிடி உள்ளுக்க வந்தது?"

"உங்கட ஆக்கள் வடிவாப் பார்க்கல்ல மாத்தயா. அது உங்கட பிழை. அதை மறுகாக் கதைப்பம். இப்ப நான் கம்பனிக்காரன்ட பிழையத்தான் கதைக்கிறன்."

அதிகாரி கடிதத்தை விரித்து வாசித்தார். முகம் மாறியது. எல்லோரும் கேட்க, தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"'உங்கட பற்றரி எங்கட வாழ்க்கையில வெளிச்சம் தந்தது. இதோட ரெண்டு அனுப்புறம். நேரம் கிடைக்கிற போது கவனியுங்க.'" கடிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். "இது ஆருக்கு? என்ன கவனிக்கிறது?"

மாமி அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வெளிச்சமா? எங்ககா வெளிச்சம்? நான் எப்பகா வெளிச்சமெண்டு சொன்னன்?"

"நல்ல பற்றரியெண்டு எழுதிட்டு, பழுதானதை ஏன் அனுப்புறது?" அதிகாரியின் குரல் இறுகியது. "இது வேற ஏதோ சேதி."

என் பணிவு, சங்கேத மொழியாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் மாமி வீடு திரும்பப்போவதில்லை. திறந்தால் என் பெயரும் அந்தப் புத்தகத்தில் ஏறலாம். கோவையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"எழுதினது நான், சேர். மாமி சொன்னது இது இல்ல. நான்தான் மாத்தி எழுதினன்."

"ஏன்?"

"பயம்."

"ஆருக்கு?"

"கம்பனிக்கு."

அதிகாரி தன் துப்பாக்கியைப் பார்த்தார், மணல் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இஞ்ச நிண்டுகொண்டு, கம்பனிக்குப் பயம்?" என்று மெல்லக் கேட்டார். பிறகு, "அம்மா சொன்னது என்ன? அதைச் சொல்லுங்க" என்றார்.

ஒரு சொல்லும் மறக்காமல் எனக்கு நினைவிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டிராத நான், நாற்பது பேர் நின்ற வரிசைக்கு முன்னால் அதைச் சொன்னேன்:

"'கம்பனிக்காரனுக்கு. உன்ட பற்றரி ஆறு நாளில செத்துப்போச்சு. சாகும்போது மூத்திரம் பெஞ்சு என்ட டோர்ச்சையும் கெடுத்துப்போட்டுது. நீ உன்ட வீட்டில இந்தப் பற்றரிதான் போடுறியா? போட்டா நீ மடையன். போடாட்டி நீ கள்ளன். ரெண்டில எதெண்டு பதில் போடு.'"

"ஓம்! இதுதான்!" என்றார் மாமி. வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அதிகாரி சிப்பாய்க்குச் சிங்களத்தில் சொன்னார், அவனும் சிரித்தான். ஒரு வெற்றுத்தாளைத் தந்து, "அம்மா சொன்ன மாதிரி எழுதுங்க" என்றார். மணல் மூட்டை மேல் வைத்து எழுதினேன். மடையனுக்கு நான் போட்ட ஆங்கிலச் சொல் மென்மையாக இருக்கிறது என்று அவரே வேறொன்று சொல்லித் தந்தார். பற்றரி உள்ளே வரத்தான் தடை, வெளியே போகத் தடை இல்லை என்று கண்டுபிடித்து, எங்களை விட்டுவிட்டார். பெயர் பதியவில்லை.

மாமியின் முறைப்பாடுகளில் உடனே பலன் தந்தது, உங்கட ஆக்கள் வடிவாப் பார்க்கல்ல என்றதுதான். மறுநாளிலிருந்து எல்லோருடைய சட்டிக்குள்ளும் கைவிட்டுத் துழாவினார்கள். ஒரு மாதம் துறையில் மாமியை ஏசாதவர் இல்லை.

என்னோடு அவர் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் வேலிக்கு அப்பால் நின்று, "சவுக்காரக்காரனுக்கு என்னகா எழுதினாய்? ஒளிக்காமச் சொல்லு" என்றார். சொன்னேன். ஏழு கடிதங்களையும் ஏழு நாளாகத் திரும்ப எழுதுவித்தார். ஒவ்வொரு வரியையும் தமிழில் எனக்கே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "நான் உன்னட்ட ஏசச் சொல்லல்ல புள்ள. நான் சொன்னதைச் சொல்லத்தான் சொன்னன். நீ நல்லவள் எண்டு காட்ட என்ட கடுதாசியா கிடைச்சிது?" என்றார். அவர் என்னை ஏசிய ஏச்சுகளில் வலித்தது அது ஒன்றுதான்.

இம்முறை யாரும் கலண்டர் அனுப்பவில்லை. பற்றரிக் கம்பனியிலிருந்து மட்டும் ஒரு சிறு பெட்டி, நகரத் தபால் கந்தோருக்கு வந்தது. நான்கு புதிய பற்றரிகள். கூடவே முகாமையாளர் ஒருவர் தன் கையால் எழுதிய ஒரே வரி: "அம்மையீர், தாங்கள் கேட்ட இரண்டில் நான் முதலாவது."

மாமி அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பற்றரிகளை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, சட்டிச் சோதனையை அவரே இறுக்கிவிட்டிருந்தார். காத்தான்குடிக் காக்காவின் வானொலிக்கு அவற்றைக் கொடுத்தார். "பற்றரி கிடக்கட்டும். மடையனெண்டு உண்மையச் சொன்னானே, அவனை எனக்குப் பிடிச்சிரிக்கி" என்றார். அடுத்த தரமும் அதே பற்றரிதான் வாங்கினார், எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு எனக்கு நியமனம் கிடைத்தது. சென்ற தவணை, எங்கள் பாடசாலைக்கு வந்த வெண்கட்டி எழுதவில்லை, கரும்பலகையைக் கீறுகிறது என்று திணைக்களத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டே வரி. பதில் இல்லை. அடுத்த கிழமை மீண்டும் எழுதுவேன்.

இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது என் கை பழைய வழக்கப்படி, "தங்கேஸ்வரி மாமி எல்லோரிடமும் அன்பாகவும் பொறுமையாகவும் பழகியவர்" என்று தொடங்கியது. வாசித்துப் பார்த்தேன். அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோடுதான். மாமி பொறுமையானவர் அல்லர். மிதவைப் பாதையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் காது வலிக்கும். இப்போது அந்தப் பாதை சத்தமில்லாமல் வாவியைக் கடக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் நன்றாக இல்லை.