பால்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு விரல்

இடது கையின் சுட்டுவிரல் குழந்தையின் வாய்க்குள் இருந்தது. தபால்தலை அளவு ஃபிலிமைக் கடைவாய்ப் பல்லோடு அது அழுத்திப் பிடித்திருக்க, வலது கை எக்ஸ்ரே குழாயின் மூக்கைக் கன்னத்தை நோக்கித் திருப்பியது.

"கண்ணு, அசையக் கூடாது. மூச்சு விட்டுக்கலாம், பேச்சு மட்டும் வேணாம். சரியா?"

குழந்தை விரலோடு சேர்த்தே "ம்" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற, கூடப் படிக்கும் தோழி பொத்தானை அழுத்தினாள். கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, வாசனை இல்லை.

விரலை விட்டிருந்தவள் அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் அக்கா. வகுப்பில் கல்யாணமானவள் அவள் ஒருத்திதான். துறைத் தலைவி மேடமே ஒருநாள் வருகைப்பதிவு எடுக்கும்போது வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட்டுவிட, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கணவனுக்கு அச்சகத்தில் வேலை. சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்குப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தே பயிற்சி மருத்துவர் வரைக்கும் வந்துவிட்டாள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஃபிலிமை மருத்துவர் விரலால் பிடிக்கவே கூடாது, தள்ளி நிற்க வேண்டும், ஈயக் கவசம் போட வேண்டும் என்று பரீட்சையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள். எழுதிய அதே கையை இந்த அறைக்கு வந்ததும் மற்ற எல்லோரையும் போல வாய்க்குள் விட்டாள். வெளியே வரிசை நின்றது. குழந்தைகள் ஃபிலிமைத் துப்பின. விரல் போனால் ஒரே தடவையில் வேலை முடிந்தது. கவசம் கொக்கியிலேயே தொங்கும். உடம்பில் படும் கதிரை அளக்க அவரவருக்குக் கொடுத்த பேட்ஜும் அதன் மேலேயே குத்தியிருக்கும்.

போன வருஷம் அவளுக்கு ஒரு கரு கலைந்தது. "இதெல்லாம் சகஜம்மா, மனசுல வச்சுக்காத" என்றார் டாக்டரம்மா. அவளும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பல் எக்ஸ்ரேயில் வருவது மிகக் கொஞ்சம், வயிறு வரை எட்டுவது அதிலும் கொஞ்சம் என்றது புத்தகம். ஆனால் கதவுக்கு வெளியே நிற்பவளைக் கணக்கில் வைத்து எழுதிய புத்தகம் அது. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட அவள் கை தானாக வயிற்றை மூடிக்கொள்ளும்.

இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். கணவனுக்கு மட்டும் தெரியும். கல்லூரியில் சொன்னால் இந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பயிற்சி தள்ளிப்போகும், கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் ஃபிலிமைக் கரைசலில் அலசினாள். கழுவி, வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் முதலில் பால்பல் தெரிந்தது. அதற்குக் கீழே தாடை எலும்புக்குள், இன்னும் முளைக்காத பல் ஒன்று தன் சிறு அறையில் சுருண்டு காத்திருந்தது. அதை ஒட்டினாற்போல் வெள்ளையாக இன்னொன்று. நகம் இல்லை, சதை இல்லை. ஒரு விரல் நுனியின் எலும்பு.

குழந்தை நாக்கால் தள்ளியபோது விரல் ஃபிலிமுக்கு முன்னால் வழுக்கியிருக்கிறது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த தோழி சிரித்தாள். "என்னக்கா, பேய்ப்படம் எடுத்திருக்கீங்க! தூக்கிக் குப்பையில போடுங்க. மேடம் பாத்தாங்கன்னா நம்ம எலும்பை எண்ணிருவாங்க."

அக்கா சிரிக்கவில்லை. செத்தவர்களுக்கு இருக்கும் விரல் அது. தன் கையில் இருக்கிறது. காத்திருக்கும் அந்தப் பல்லை அது தொட்டுக்கொண்டிருந்த விதம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். தோலுக்குள் எலும்பு தெரிவது போலவே இருந்தது.

"சீக்கிரம்க்கா, மறுபடி எடுக்கணும். வாங்க, வந்து புடிங்க."

"நான் புடிக்கல."

"அப்ப யாரு, உங்க மாமியாரா வந்து புடிப்பாங்க?"

ஃபிலிமைப் பிடிக்க அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் தாங்கி பெரியவர்கள் வாய்க்கானது. வைத்துப் பார்த்தார்கள்; குழந்தை ஓங்கரித்தாள். அப்படியானால் கூட வந்தவர்தான் கவசம் போட்டுக்கொண்டு நீளக் கிடுக்கியால் பிடிக்க வேண்டும். அவள் பரீட்சையில் எழுதியது அதுதான். குழந்தைக்குச் சின்னக் கவசத்தைப் போர்த்திவிட்டு, பெரியதைக் கொக்கியிலிருந்து எடுத்து வந்தாள்.

"நீங்க புடிச்சுக்கிறீங்களா?" என்று வெளியே காத்திருந்த குழந்தையின் அம்மாவிடம் கேட்டாள்.

"என் புள்ளைக்கு நான் புடிக்காம? குடுங்க."

"ஒரு விஷயம் கேக்கணும். நீங்க மாசமா ஒண்ணும் இல்லையே?"

"ஐயோ, இந்த ஒண்ணை வச்சே என் உயிர் போகுது!" என்று சிரித்த அந்தப் பெண், சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கை வயிற்றின் மேல் இருந்தது. "ஏம்மா, நீங்க?"

யாருமே கேட்காத கேள்வி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமா" என்றாள்.

தோழியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "அக்கா... நேத்துகூட நான்தானே சுவிட்ச் போட்டேன். மொதல்ல வெளிய போங்க. போங்கன்னா!"

"உன் மேல தப்பில்லடி."

"பேசாதீங்க. மேடம்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

கிடுக்கியையும் ஃபிலிமையும் எப்படிப் பிடிப்பது என்று தாய்க்குக் காட்டிவிட்டு, அவள் தாழ்வாரத்தில் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். கிர்ரென்ற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அங்கேயும் கை வயிற்றுக்குத்தான் போனது. போன வருஷம் கலைந்தது எதனால் என்பதற்கு இதில் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

புது ஃபிலிமை அவளே கழுவினாள். பால்பல், அதன் கீழே காத்திருக்கும் பல். பக்கத்தில் யாரும் இல்லை. கிளிப்பில் மாட்டிச் சொட்டச் சொட்ட மேடத்தின் அறைக்கு எடுத்துப் போனாள்.

"என்னம்மா, இவ்வளவு நேரம் ஒரு படத்துக்கு?"

"ரெண்டாவது தடவை எடுத்தது மேடம். மொதல்ல எடுத்ததுல என் விரல் விழுந்துருச்சு. நான் மாசமா இருக்கேன். இனிமே அந்த ரூம்ல என்னைப் போடாதீங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவள் ஃபிலிமை நீட்டினாள்.

"இன்னும் ஈரம் மேடம். ஓரத்தைப் புடிச்சுக்கோங்க."