பிரமிடு குதிர் அல்ல

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், மொட்டை மாடியில் ஒரு பிரமிடு கட்டலாம் என்று சங்கக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார். அதற்குள் உட்கார்ந்து தியானம் செய்தால் சக்தி இறங்குமாம்.

"அந்தக் காலத்து அறிஞர்களே எழுதி வெச்சிருக்காங்க. எகிப்துல பிரமிடுக்குள்ளதான் தானியம் கொட்டி வெச்சாங்க. வருஷக்கணக்கா கெடாது. அதான் அதோட பவர்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். வரலாற்றில் முதுகலை படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எழுதினாங்க சார். ஆனா தப்பா எழுதினாங்க. ரொம்ப முன்னாடியே எகிப்துக்குப் போன கிரேக்கர்கள் ராஜாவோட கல்லறைன்னு சொல்லிட்டாங்க. பிற்பாடு வந்த யாத்ரீகர்கள்தான், பைபிள்ல வர்ற, பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வெச்ச கதையை நெனச்சுக்கிட்டு, வெளிய நின்னு பார்த்துட்டுக் குதிருன்னாங்க. உள்ள போனவங்க பார்த்தது குனிஞ்சு போற வழியும் ஒரு கல் பெட்டியும். மத்ததெல்லாம் கெட்டிக் கல்லு. மூட்டையை எங்க சார் அடுக்குவாங்க?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் முகம் சிவந்தது.

"நீங்க வீட்லதானே இருக்கீங்க மேடம்? இதெல்லாம் யூடியூப்ல பார்த்தீங்களா?"

"வீட்ல இருந்தா படிச்சது மறந்துடுமா சார்?"

கணவர் என் துப்பட்டாவை இழுத்தார். நான் உட்காரவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்றேன். செயலாளரிடம் ஒரு செம்புப் பிரமிடு இருந்தது. கூட்ட அறையில் அதன் கீழ் ஒரு டம்ளர் பால், வெளியே ஒரு டம்ளர். மறுநாள் மாலை கதவைத் திறந்தபோது இரண்டும் திரிந்து நாறின.

"மாடல் சின்னது. அதான்," என்றார் அவர்.

வாக்கெடுப்பில் எதிர்த்து உயர்ந்தவை இரண்டே கைகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று தரைத்தளத்தில் குடியிருக்கும், பாடியில் பிறந்து வளர்ந்த பெண்ணுடையது. படிக்கட்டில் அவள் என் தோளைத் தட்டினாள்.

"நீ சொன்னது கரீட்டுக்கா. ஆனா ஓட்டு அவுங்க பக்கம்ல கீது. உட்டுத்தள்ளு."

"விட மாட்டேன்."

பிரமிடு எழுந்தது. திறப்பு விழாவில் செயலாளர் மைக்கைப் பிடித்து மறுபடியும் தானியக் கதையை ஆரம்பித்தார். கணவர் லிஃப்ட் பக்கம் நழுவிவிட்டார். திமிர் பிடித்தவள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும். நான் எழுந்து நின்று, மைக் இல்லாமலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"சார், அது கல்லறை."