நான்காவது மஞ்சள் தாள்

பக்கலோரெயாப் பரீட்சையில் தேறுவது எப்படி என்று அந்த வருஷம் புதுச்சேரியில் என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. இதைத் தற்பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதில் தோற்றிருந்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்றாவது வருஷம். அலுவலகங்களில் ஆங்கிலம் நுழைந்துகொண்டிருந்தது. நாங்களோ பிரெஞ்சுப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தோம். ஏறிய வண்டியிலேயே போய் இறங்கியாக வேண்டும். அந்த வகுப்பின் முடிவில் பக்கலோரெயா. அதில் எல்லோரையும் மிரட்டியது தத்துவப் பரீட்சை. ஒரே கேள்வி, நான்கு மணி நேரம். ஆமாம் என்று ஒரு பகுதி, இல்லை என்று ஒரு பகுதி, இரண்டுக்கும் சமாதானம் செய்துவைத்து ஒரு பகுதி என்று மூன்றாகக் கட்டி எழுத வேண்டும். முதலில் புருய்யோன் என்கிற மஞ்சள் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் திருத்துகிறவர் அதைத் தொடக்கூட மாட்டார். வெள்ளைத் தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். இருபதுக்குப் பத்து வாங்கினால் கரை சேரலாம்.

இந்த மூன்று பகுதி வியாதி என்னை வீட்டிலும் விடவில்லை. அம்மா வாசலில் நின்றபடி, "மத்தி வாங்கட்டுமா, கெளுத்தி வாங்கட்டுமா?" என்று கேட்பாள். மத்தியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லி, கெளுத்தியின் பக்கம் உள்ள நியாயத்தையும் எடுத்து வைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் மீன்காரம்மா நெல்லித்தோப்பைத் தாண்டிப் போயிருப்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு.

பரீட்சையிலும் அதுதான் நடந்தது. மஞ்சள் தாளில் நான் ஒரு மாளிகையே கட்டினேன். ரோமன் எண்கள், அம்புக்குறிகள், முன்னுரைக்கு மட்டும் மூன்று மாதிரிகள். சின்ன மாமா சைகோனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கைக்கடிகாரம் என் கையிலேயே இருந்தது. அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன், அழகாக இருந்தது. "இன்னும் பதினைந்து நிமிஷம்" என்று மேற்பார்வையாளர் சொன்னபோது வெள்ளைத் தாளில் என் பெயரும் நான்கு வரிகளும் இருந்தன.

"எல்லாம் இதுல இருக்கு முசியே," என்று மஞ்சள் தாள்களை நீட்டினேன்.

"அப்படியா, பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்றார் அவர்.

எடுத்துக்கொண்டு போனேன். இருபதுக்கு மூன்று வந்தது.

இரண்டாவது வாய்ப்பு மூன்று மாதம் கழித்து. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. முடிவு வந்த அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "ஆலையில ஒரு வேலை இருக்குதாம். ஆளுங்க உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம் எழுதணும். நீ தேறிட்டா மேல படி, யாரு வேணாங்கிறா. இல்லன்னா அங்க போயிடு. நான் சொல்லி வச்சிருக்கேன்." எனக்கு ஆலை என்றாலே பயம். அதன் சங்கு ஊதும்போது எங்கள் தெருவில் தண்ணீர்ச் செம்பு அதிரும். மேலே படித்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மஞ்சள் தாளில் காலமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிற வாழ்க்கை ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பியிருந்தேன். மூன்று மாதம் ஒழுங்காகப் படித்திருந்தால் அது கிடைத்தும் இருக்கலாம்.

கெட்ட நேரம் எங்கள் தத்துவ ஆசிரியர் உருவில் வந்தது. விடுமுறைக்கு முந்தின வாரம், பரீட்சை எழுதியவர்கள் யாராவது வந்து அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அனுபவத்தைச் சொல்லட்டும் என்று அவர் ஆள் தேடினார். தேறியவர்கள் யாரும் அகப்படவில்லை. ஒருவன் சூட்டு தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தான், ஒருவன் வேண்டுதலுக்குப் போயிருந்தான், மற்றவர்கள் உறவினர் வீட்டு விருந்துகளில் இருந்தார்கள். சும்மா இருந்தவன் நான்தான்.

மேடையில் ஏறியவன் இறங்கவில்லை. என் மஞ்சள் தாள்களைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவன் முகர்ந்துகூடப் பார்த்தான். தோல்வியில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் முன்பே தோற்றிருப்பேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குத் தாவரவியல் தோட்டத்தில் ஒரு புளியமரத்தடியில் என் வகுப்பு நடந்தது. அடுத்த வருஷம் எழுதப் போகிறவர்கள் வந்தார்கள். என்னோடு தோற்றவர்களும் வந்தார்கள். யாராவது வறுத்த மல்லாட்டை கொண்டுவருவார்கள். நான் கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "அனுபவத்துல சொல்றேன்," என்று ஆரம்பிப்பேன்.

"அனுபவத்துல சொல்றேன். மொத மணி நேரத்துல எனக்கு ரெண்டு மஞ்சத் தாள் ஆச்சு. கரெக்டா ரெண்டாவது மணி முடியறப்ப கையத் தூக்கி நாலாவது தாள் கேட்டேன். அங்கதான் தப்பு. அந்த நேரத்துல வெள்ளத் தாள எடுத்துடணும். பாதியில இருந்தாலும் சரி, எடுத்துடணும்."

இதை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சொன்னேன். கை தூக்கும் இடத்தில் நிஜமாகவே கையைத் தூக்குவேன்.

கேட்டவர்களில் ஒருவன் மட்டும் பேசவே மாட்டான். கடலோரக் குப்பத்துப் பையன், என் வகுப்புத்தோழன், என்னைப் போலவே முதல் தடவை தோற்றவன். அவன் அண்ணன்கள் கடலுக்குப் போகிறவர்கள். இந்தத் தடவையும் தோற்றால் அவனையும் கட்டுமரத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் பேசும்போது அவன் மடியில் புத்தகம் திறந்திருக்கும். அது எனக்குச் செய்யும் அவமரியாதை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் புத்தகம் திறந்ததாக ஞாபகம் இல்லை. ஆசிரியருக்கு எதற்குப் படிப்பு?

ஒருநாள் அப்பா சொன்னார்: "எப்பிடிப் பாஸ் பண்றதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கிறியாமே. ராத்திரிக்கு வந்து எனக்கும் கொஞ்சம் சொல்லு." அம்மா சிரித்துவிட்டாள். நான் கோபித்துக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டேன். அன்று வகுப்பு வழக்கத்தைவிட நீண்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு குப்பத்து நண்பன் மட்டும் நின்றான்.

"எனக்கு ஒரே ஒரு கவலதான்டா," என்றான். "வெளிய நின்னா வெயிலப் பாத்தே மணி சொல்லிடுவேன். உள்ள ஜன்னலையெல்லாம் சாத்திடறாங்க. போன தடவ அதுலதான் மாட்டிக்கினேன். நேரம் போனதே தெரியல."

அந்தக் கணத்தில் நான் என்னை எவ்வளவு உயர்வாக நினைத்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் நானே கட்டிவிட்டேன்.

"அப்ப ஒனக்கு?" என்றான் பதறிப்போய்.

"எனக்கு அனுபவம் இருக்கு," என்றேன்.

நேரம் என்றால் என்ன, மனிதன் நேரத்துக்கு அடிமையா எஜமானனா என்று கால் மணி நேரம் அவனுக்கு விளக்கினேன். மூன்று பகுதியாகத்தான். அவன் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நடந்து போனான்.

மறுநாள் எனக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், அவனுக்கு இடம். காலை எட்டு மணிக்குக் கேள்வித்தாள் வந்தது. அனுபவம் மனிதனுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கிறதா?

இதைவிட எனக்குத் தோதான கேள்வி உலகத்தில் இல்லை. மூன்று மாதமாக நான் பேசியதே இதைத்தான். பேனா நிற்கவில்லை. ஆமாம், கற்றுக்கொடுக்கிறது என்று முதல் பகுதியில் ஒரு வெள்ளமே பாய்ந்தது. இரண்டு மணி நேரம் ஆனதும் வெள்ளைத் தாளை எடுக்க வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் ஆகவில்லை என்று மட்டும் உறுதியாக நம்பினேன். நான்காவது மஞ்சள் தாளுக்குக் கையைத் தூக்கினேன். தாள் வருவதற்குள் திரும்பிப் பார்த்தபோது நண்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி என்று நினைத்துக்கொண்டு, புன்னகை செய்து, தலையை ஆட்டிவிட்டு, எழுதப் போனேன்.

"இன்னும் பதினைந்து நிமிஷம்" என்ற குரல் கேட்டது. அதே மேற்பார்வையாளர். என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மேசைக்கு நகர்ந்தார். வெள்ளைத் தாளில் ஆறு வரி எழுதினேன்.

முடிவுகளை வாசல் கதவில் ஒட்டினார்கள். நண்பன் தேறியிருந்தான். நான் தேறவில்லை. போன தடவை மூன்று, இந்தத் தடவை நான்கு. முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடிகாரம் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கதை எனக்குள் உருவானது. கடிகாரத்தைக் கொடுத்ததால் தோற்றேன். நண்பனுக்காக என் வாழ்க்கையையே கொடுத்துவிட்டேன். கதவைத் திறந்த அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவள் கண் கலங்கினாள். "போனாப் போவுது கண்ணு, ஒரு புள்ளயக் கரையேத்தி வுட்டியே," என்று சோறு போட்டாள். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் ஆலைக்குக் கூட்டிப் போகும்போது, இதுவரை செய்யாதபடி, என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார். பொய்க்குக் கிடைத்த கை அது என்று எனக்கே அப்போது தெரியாது. கதையை நான் முழுசாக நம்பியிருந்தேன்.

ஆலையிலும் சொன்னேன். மூன்று வாரத்தில் அங்கே எல்லோருக்கும் என் தியாகம் தெரியும். ஆட்கள் வாயிலில் நுழையும்போது நான் நேரம் குறித்துக்கொண்டே கதையின் ஒரு பகுதியைச் சொல்வேன். மீதியை அவர்கள் வெளியே போகும்போது சொல்வேன்.

நான்காவது வாரம் நண்பன் ஆலை வாயிலுக்கு வந்தான். துவைத்த வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கடிகாரத்தை எடுத்து நீட்டினான்.

"லேட்டாயிடுச்சுடா, மன்னிச்சுடு. பரீட்ச அன்னைக்கு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நின்னுபோச்சு. நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்துட்டேன். இப்பதான் ரிப்பேர் கடையில காட்டினேன். ஒண்ணும் இல்லியாம். தினம் சாவி குடுக்கணுமாமே?"

தினமும் காலையில் சாவி கொடுப்பது என் வழக்கம். நேரத்தைப் பற்றி அவனுக்குக் கால் மணி நேரம் சொன்ன நான் அதை மட்டும் சொல்லவில்லை.

"நின்னுபோச்சா? அப்புறம் எப்பிடி எழுதுன?"

அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "நீதான் இருந்தியே," என்றான். "ரெண்டாவது மணி முடியறப்ப நாலாவது தாளுக்குக் கையத் தூக்குவேன்னு தோட்டத்துல தெனமும் சொல்லுவ இல்ல? ஒன்னையே பாத்துக்கினு இருந்தேன். நீ தூக்குன. நான் வெள்ளத் தாள எடுத்துட்டேன். நீ மட்டும் இல்லன்னா நான் இன்னைக்குக் கடல்லதான்டா இருந்திருப்பேன்."

அவன் கேலி செய்யவில்லை. கண் நிறைந்திருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். என்னிடம் சொல்லப்பட்ட நன்றிகளிலேயே உண்மையானது அதுதான், எனக்கோ ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. சங்கு ஊதியது. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று யாரிடமும் கதை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் இருந்தவரை வீட்டுக்கு யார் வந்தாலும் என் கையைக் காட்டி, "இந்தக் கடிகாரத்தக் குடுத்துட்டுத்தான் எம்புள்ள பெயிலானான்," என்று சொல்வாள். நான் குனிந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பேன்.