குதிரைக்குட்டிக்குப் போட்ட புகை

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், காஹாங் ரப்பர் தோட்டத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரியின் குதிரைக்குட்டியை நான் பார்த்துக்கொண்டேன். அதற்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது.

"குட்டி செத்தா ஒன்னய சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிருவாங்கய்யா," என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அங்கே போன எங்கள் ஆட்கள் யாரும் திரும்பவில்லை.

பயத்தில், பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, லாயத்தைச் சாக்குகளால் அடைத்து வேப்பிலைப் புகை போட்டேன். குட்டி மூச்சு முட்டிச் சாய்ந்தது.

என் மனைவி ஓடிவந்தாள். "அலமாக், ஐயய்யோ! வாட்டித் திங்கவா போறீங்க? சாக்கப் பிடுங்குங்க!"

பிடுங்கினேன். காற்றுப் பட்டதும் குட்டி இருமி இருமி எழுந்தது; நானும் சயாமுக்குத் தப்பினேன். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கில் ஓடிய உடம்பு, பிடுங்கிவிட்டு உட்கார்ந்த எனக்குத்தான் எழத் தெம்பில்லை.

இப்போது மாட்டுக்கோ பிள்ளைக்கோ சளியென்றால் புகை போடுவதில்லை. முதலில் கதவைத் திறந்துவைக்கிறேன்.

வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது தைப்பூசத்துக்கு மறுநாள்.