என் மகளைச் சிரிக்க வைத்த இரண்டு பெண்கள்

எனக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் பேச்சில் என்னை ஜெயித்தவள் எங்கள் தெருவில் கிடையாது. நான் ஆரம்பித்தால் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், ஒருத்தி நகர மாட்டாள். கடல் கடந்து, கிளென் ஈடனில் மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். ஊரின் அந்தக் கோடியில், ஆல்பனியில், ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும், "அப்புறம், இன்னைக்கு என்னம்மா நியூஸ்?" என்பாள். பக்கத்து வீட்டுப் பூனை செய்ததைச் சொன்னாலும் சிரிப்பாள்.

போன வருஷம் அந்தக் கேள்வி நின்றுபோனது. காதில் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். "ஆமா, ஆமா" என்று தானாகத் தலையாட்டினாள். திடீரென்று சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது நான் மட்டும் வரவழைக்கிற சிரிப்பு.

"யாருடி அது?"

"ரெண்டு பொண்ணுங்கம்மா. செமையா பேசுவாங்க."

ஆபீஸ் சிநேகிதிகள் என்று நினைத்தேன். தினமும் இத்தனை நேரம் பேசுகிறார்களே, வீட்டில் உலை வைக்க வேண்டாமா இவர்களுக்கு? சாப்பிடும்போதுகூட "அவங்க சொன்ன மாதிரி" என்று ஆரம்பிப்பாள். நான் சொன்ன மாதிரி என்று ஒருநாள் சொன்னதுண்டா?

நவராத்திரி வந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரர்களைக் கொலுவுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். வரட்டும், எவளென்று பார்த்துவிடலாம். நல்ல ரவிக்கைத் துணியாக இரண்டு எடுத்து, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தனியாக மடித்து வைத்தேன். நாம் குறைந்தவர்கள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதல்லவா? வந்தவர்கள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே சுண்டல் கொடுத்தேன். எல்லாரும் அடக்கமாகப் பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு தாம்பூலமும் அப்படியே இருந்தன.

"உன் சிநேகிதிங்க வரலையே?"

"யாரும்மா?"

"அதான், காதுல பேசுறவங்க."

தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! அது பாட்காஸ்ட். ரேடியோ மாதிரி. அவங்க அமெரிக்காவுல இருக்காங்க. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

போனில் படம் காட்டினாள். இரண்டு கறுப்பினப் பெண்கள். ஒருத்தி மஞ்சள் துணியைத் தலையில் உயரமாகக் கட்டியிருந்தாள். இன்னொருத்திக்கு இடுப்பு வரை பொடிப் பொடிப் பின்னல். அழகாகத்தான் இருந்தார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்படி என்னதான் பேசுறாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா யார் காதுலயும் விழாதும்மா. அதையே பக்கத்துல இருக்கிறவன் சொன்னா ஆகா ஓகோம்பாங்க. அவங்களுக்கும் அங்க அதே கதைதான். ஆனா அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. கேட்டா தெம்பா இருக்கு."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ கவலைப்படுவே."

பெற்றவள் கூடவே இருக்க, கடல் தாண்டி இருப்பவர்கள் அல்லவா இவளுக்குத் தெம்பு கொடுக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஒடாஹுஹு சந்தைக்குக் காய் வாங்கப் போனோம். திரும்பும்போது காரில் அவர்களைச் சத்தமாகப் பேச விட்டாள். "ஒண்ணு விடாம தமிழ்ல சொல்லு," என்றேன். பின்னல்காரியின் சித்தி, கல்யாணத்தில் ஆடும்போது விக் கழன்று கேக் மேல் விழுந்ததாம். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றேன். "என் கல்யாணத்துல உன் தாத்தா கால்ல விழுந்தேன். சவுரி பூவோட கழண்டு அவர் முன்னாடி விழுந்துடுச்சு. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நான் எழுந்து நிக்கிறேன், அவர் சவுரி மேல அட்சதை போட்டு, தீர்க்க சுமங்கலியா இரும்மான்னுட்டார்."

"அம்மா!"

"பலிக்காமலா போகும்? உங்கப்பா போயிட்டார், சவுரி இன்னும் பெட்டியில சௌக்கியமா இருக்கு."

காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்ட. அந்தப் பெண்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கை நீட்டி அவர்களை நிறுத்தினாள். வீடு வரை திரும்பப் போடவில்லை. மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார்களோ என்று நான் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இதை அவங்களுக்கு எழுதி அனுப்பலாம்மா. படிப்பாங்க."

"எதுக்கு? அதைச் சொல்லி அவங்க பேர் வாங்கவா?"

வியாழக்கிழமைதோறும் அவர்கள் புதிதாகப் பேசுகிறார்களாம். இன்று புதன். பீன்ஸ் நறுக்கியபடி, அடுத்து எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.