வாக்கு அக்கா சொல்லாத வாக்கு

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சலவைக்கூடம். பதினோரு வருடமாக அங்கே படுக்கை விரிப்புகளை மடித்துவந்தவளை எல்லோரும் வாக்கு அக்கா என்றார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

தொடக்கம் சாதாரணமானதுதான். கணவனோடு நாடு விட்டு வந்த இரண்டாம் வருடம், ஊரிலிருந்த தங்கைக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. போய்ப் பார்க்க முடியாத அக்கா, தினமும் வேலைக்குப் போகும் பேருந்தில் இரண்டு நிமிடம் பிரார்த்தனை சொல்லிக் கைபேசியில் அனுப்பினாள். தங்கை அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அனுப்ப, அவள் வெளிநாட்டிலிருந்த தம்பிக்கு அனுப்ப, ஒரு குழு உண்டாகி, பிறகு எட்டுக் குழுவானது. முன்பின் தெரியாத நாலைந்து பேர் நிர்வாகிகள் ஆனார்கள். "நீங்க பேசினா போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

ஒருநாள் வேலையில் ஏணிமேல் நின்றபோது அவளுக்குத் தலை சுற்றியது. மறுநாள் பிரார்த்தனை முடிவில், "உயரத்துல வேலை செய்யறவங்க இன்னைக்கு ஏறாதீங்க, உடம்பைப் பாத்துக்கங்க" என்று போகிறபோக்கில் சொன்னாள். அன்று எங்கோ ஒரு நாட்டில் கட்டடச் சாரம் சரிந்தது. அவள் பேச்சைக் கேட்டு அறையிலேயே இருந்துவிட்ட மூன்று பேர் பிழைத்தார்கள். அதன்பிறகு அவள் இருமினாலும் அதற்கு அர்த்தம் கேட்டார்கள். பேசாமல் இருந்தால், எதற்கு மௌனம் என்று பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரி வந்தாள். நாடு விட்டுப் போனவர்களின் சாமி எப்படிக் கைபேசிக்குள் குடியேறியது என்பது அவள் ஆராய்ச்சி. மடிப்பு மேசையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"அக்கா, பேசறது நீங்களா, சாமியா?"

"பஸ் குலுங்கினா நான் பாதி வார்த்தையை முழுங்கிடறேன். சாமி முழுங்குமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வருடம் அப்படிப் போனது.

ஒரு மதியம் ஆராய்ச்சிக்காரி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. பேட்டி எடுக்கப்போன வீட்டில் கிடைத்த பதிவு என்று கைபேசியை நீட்டினாள்.

"மருந்தை நிறுத்து. என்னை நம்பு."

அக்காவின் கையிலிருந்த விரிப்பு நழுவியது. குரல் அவளுடையதுதான்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே."

"தெரியும்க்கா. காது கொடுத்துக் கேளுங்க. 'மருந்தை'ங்கறப்போ பஸ் ஓடுது. 'நிறுத்து'ங்கறப்போ சத்தமே இல்ல. வேற வேற நாள்ல பேசினதை வெட்டி ஒட்டியிருக்காங்க."

"அவ்வளவு பேச்சு யார்கிட்ட இருக்கு?"

ஆராய்ச்சிக்காரி தரையைப் பார்த்தாள். "என்கிட்ட. தொள்ளாயிரம் பதிவு. எந்த வார்த்தை எங்க வருதுன்னு எழுதி, பல்கலைக்கழகத்தோட இணையப் பக்கத்துல போட்டேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேனே."

கையெழுத்துப் போட்டது அக்காவுக்கு நினைவிருந்தது. என்ன எழுதியிருந்தது என்பதுதான் நினைவில்லை.

அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? அதைக் குழுவில் போட்ட நிர்வாகிகள் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. புகார் கொடுத்தார்கள்; எந்த நாட்டுப் போலீஸ் விசாரிப்பது என்பதே முடிவாகவில்லை. "அது நான் இல்ல" என்று அக்கா பேசி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் எட்டுக் குழுவிலிருந்தும் அவளை நீக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது. குழந்தை போனதிலிருந்து தங்கைக்கு வலிப்பு. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. உடனே அவளைக் கைபேசியில் அழைத்தாள்.

"மாத்திரை போடறியாடி?"

"நீதானே நிறுத்தச் சொன்னே."

"நான் சொல்லல. எவனோ செஞ்ச வேலை."

"பொய்க்குரல் ஒண்ணு போன் பண்ணும்னு அக்கா நேத்தே குழுவுல சொல்லிட்டா" என்று தங்கை இணைப்பைத் துண்டித்தாள்.

"நீ கிளம்பு, இங்க நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன். மூன்றாம் நாள் அக்கா தங்கையின் வாசலில் நின்றாள். கதவைத் திறந்த தங்கையின் நெற்றியில் ஐந்து தையல், வலிப்பு வந்து குளியலறையில் விழுந்திருக்கிறாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீட்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டவள், மறுகையால் குழுவில் எழுதினாள்: 'அக்கா நேர்ல வந்திருக்கா.'

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவின் குரலிலேயே வந்தது.

"வந்தவளை நம்பாதே."

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பார்த்தாள். மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து வாய்வரை கொண்டுபோக வேண்டியிருந்தது.

நான்கு மாதமாகிறது. சலவைக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரி ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அந்தக் குரலை நம்பி மருந்தை நிறுத்தியவர்களை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறாள். குழு இப்போது பதினான்கு.

காலையில் தங்கை அக்காவின் எதிரில் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறாள். பிறகு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். கதவுக்கு அப்பால் அக்காவின் குரல் பேசுகிறது. என்ன சொல்கிறது என்று மட்டும் வெளியே கேட்பதில்லை.